உங்க அப்பா கூப்பிடறாரு

நான் பேசுவது குறைவு. பேசியதில் உருப்படியானது அதைவிடக் குறைவு. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். மூன்றே சொல். அதற்கப்புறம் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதே எல்லாருக்கும் நல்லது என்று ஊரில் முடிவாகிவிட்டது. எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செவிலிமேட்டில் இருக்கிறேன். குட்டியானை ஓட்டுகிறேன். (லோடு வண்டி. கோயில் ஊர் என்பதால் சொல்லிவிடுகிறேன்.) கல்யாணப் பாத்திரம், பந்தல் கம்பு, செங்கல், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். செத்த வீட்டுக்கு ஐஸ் பெட்டியும் கொண்டுபோவேன். அதுதான் எனக்குப் பிடித்த சவாரி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நிற்கலாம். யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், டிரைவர் எவ்ளோ வருத்தமா நிக்கிறாரு பாரு" என்று மோர் கொடுத்தார்கள். என் முகம் கல்யாண வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதை நான் சொல்லவில்லை. மோர் நன்றாக இருந்தது.

இந்த முகம்தான் என் மனைவி அமுதாவுக்குக் கவலை. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். அவள் வீட்டிலிருந்தே பட்டுச் சேலைக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுகிறவள். விரல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான்தான் கிடைத்தேன். பாவம்.

ஒரு நாள் கேட்டாள்.

"ஏன்யா, நீ கடைசியா வெளியாளுங்க கிட்ட எப்பப் பேசின?"

யோசித்துப் பார்த்தேன்.

"காலைல. பஞ்சர் கடைல."

"இன்னா பேசின?"

"பஞ்சர்னு சொன்னேன்."

குஞ்சத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் சேலை கொடுக்கிறவர்களில் சுகந்தி மேடம் என்று ஒருவர். பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பாலாற்றங்கரையில் குப்பை பொறுக்குகிறவர். அவர்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அமுதாவுக்கு என்னை வெளியே அனுப்ப ஒரு இடம் தேவைப்பட்டது. இரண்டும் சேர்ந்துவிட்டன. "போய் நாலு பேரோட பழகு. சிரி. பேசு" என்று அனுப்பினாள். மனிதர்களோடு பழக அனுப்பிய இடம் குப்பைக் கரை.

பாலாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். அந்த வருஷம் மழை விடாமல் பெய்து, பாலத்துக்குக் கீழே முழங்கால் அளவு ஓடியது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் எங்கள் ஊர் சனம் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்க்கும். "எவ்ளோ அழகா இருக்குது" என்று சொல்லும். சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற கவரை அதிலேயே போட்டுவிட்டுப் போகும்.

எல்லாருக்கும் பச்சை பனியன் கொடுத்தார்கள். முதுகில் 'நதியைக் காப்போம்' என்று எழுதியிருந்தது. எனக்குக் கிடைத்தது சின்ன அளவு. அதனால் என் முதுகில் நதி மட்டும் தெரிந்தது, காப்போம் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. சுகந்தி மேடம் கையில் ஒரு மைக் வைத்திருந்தார். பேட்டரி மைக். அதில் பேசினால் அக்கரையில் மேயும் மாடு நிமிர்ந்து பார்க்கும்.

"பாட்டில் பாஷா பாய் கிட்ட. பிளாஸ்டிக் நீலச் சாக்குல. துணி எல்லாம் ஏழுமலை அண்ணன் வண்டியில!"

ஏழுமலை நான்தான். துணி என்றால் புதுத் துணி இல்லை. செத்தவர்களுக்குக் காரியம் செய்கிறவர்கள் அவர்கள் உடுத்திய வேட்டி, சேலை, படுத்த பாய், தலையணை எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். அது போகாது. ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டு ஊறிக் கிடக்கும். அதைத்தான் நான் வண்டியில் ஏற்ற வேண்டும். ஐஸ் பெட்டி ஏற்றும்போது ஆள் முழுசாக இருப்பார். இது அவருடைய மிச்சம். சவாரி என்னை விடவில்லை.

பாஷா பாய்க்கு டவுனில் பழைய இரும்புக் கடை. வாய் ஓயாத மனிதர். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னா ஏழுமல, மொகம் ஏன் இப்படி இருக்குது? வீட்ல யாருனா?"

"இல்ல பாய். மொகமே இப்படித்தான்."

"அடப்பாவமே. பொறந்ததுல இருந்தா?"

பழகுவது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அமுதாவிடம் சொல்லலாம்.

எனக்குக் கொடுத்த இடம் பாலத்தின் ஓரத் தூணுக்கு இந்தப் பக்கம். தூண் பெரியது. அந்தப் பக்கம் நடப்பது தெரியாது. குனிந்து ஒரு தலையணையை இழுத்துக்கொண்டிருந்தேன். அது தண்ணீர் குடித்து ஆள் கனம் கனத்தது. அப்போதுதான் போன் அடித்தது.

என் போன் இல்லை. என் போன் அடிக்காது. அமுதா பக்கத்தில் இருந்தே கூப்பிட்டுவிடுவாள்.

சத்தம் வந்த திசையில் தூணைச் சுற்றிக்கொண்டு போனேன். தண்ணீர் ஓரத்தில் ஆகாயத்தாமரை மேல் ஒரு மஞ்சப்பை மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நல்ல பை. பட்டுக்கடைப் பை. சத்தம் அதற்குள்ளிருந்துதான். கையை விட்டேன். மேலாகவே போன் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் 'அப்பா' என்று இருந்தது.

கரையேறி நாலு ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஈர வேட்டி. முதுகு மட்டும் தெரிந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக, கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் மாதிரி நேராகப் போனார்கள். குளித்துவிட்டுப் பையை மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றியது. யாருக்கும் தோன்றும். (தோன்றாது என்று அப்புறம் நிறைய பேர் சொன்னார்கள்.)

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றங்கரைக் காரியத்துக்குப் பங்காளிகள்தான் போவார்கள். எனக்குப் பங்காளி என்று யாரும் இல்லை. அப்பாவுக்காவது செய்திருந்தால் முறை தெரிந்திருக்கும். அவர் நான் சின்னப் பையனாக இருக்கும்போது, கடைக்குப் போய் பீடி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை இன்னும் அங்கேயே இருக்கிறது. பீடியும் விற்கிறார்கள். அவர்தான் வரவில்லை. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாதவருக்கு என்ன காரியம் செய்வது? அதனால் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடமும் போச்சு.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா, அப்பா என்று திரை மின்னியது. ஒருத்தனுக்கு அப்பா கூப்பிடுகிறார், அவன் பாட்டுக்குப் போகிறான். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கத்தினேன்.

"உங்க அப்பா கூப்பிடறாரு!"

நாலு முதுகும் விறைத்தன. நிற்கவில்லை. திரும்பவில்லை. வேகமாக நடந்தன.

காது கேட்கவில்லை என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடினேன். பச்சை பனியன், ரப்பர் கையுறை, சேறு சொட்டும் கால்.

"யோவ்! அப்பாவ விட்டுட்டுப் போறீங்க! திரும்பிப் பாருங்கய்யா! உங்க அப்பா கூப்பிடறாரு!"

முன்னால் போன பெரியவர் ஓடவே ஆரம்பித்துவிட்டார். வயசானவர். அந்த ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. போகிற போக்கில், "திரும்பாதீங்கடா! எவன் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க!" என்று கத்தினார்.

கடைசியில் போனவன் திரும்பிவிட்டான்.

மொட்டைத் தலை. மீசையும் எடுத்திருந்தான். நெற்றியில் விபூதி. அப்போதுதான், நான் பார்க்காமலே ஓடி வந்த வழியோரத்தில், வாழையிலையும் செங்கல்லும் பிண்டமும் காக்காயும் என் கண்ணில் பட்டன. எல்லாம் ஒன்றாகப் பட்டன.

அவன் என்னைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தான். ஓடி வந்து பிடுங்கிக் காதில் வைத்தான். "அலோ" சொல்லவில்லை.

"அப்பா" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு அம்மாவின் குரல். எனக்கே கேட்டது.

"டேய் கோபி, எல பத்தாதுடா. வர்றப்ப ரெண்டு கட்டு வாங்கினு வா. தலைவாழையா பாத்து வாங்கு."

கோபி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. அப்பாவின் போனை அம்மா எடுத்து வைத்திருக்கிறார். இவன் பெயரை மாற்றவில்லை. தண்ணீரில் முங்குவதற்கு முன்னால் போனைத் துணிப் பையில் போட்டிருக்கிறான். ஒரே கடையில் கொடுத்த ஒரே மாதிரி இரண்டு பை. ஒன்றில் மாற்றுத் துணி. இன்னொன்றில் ஆற்றில் விடுகிற அப்பாவின் துணி. தப்பான பையில் போட்டுவிட்டான். அவ்வளவுதான் விஷயம். இதற்குள் மற்ற மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவன் திரும்பிவிட்டால் மற்றவர்கள் திரும்பாமல் இருந்து என்ன பிரயோசனம்?

இரண்டு பேர் கோபியின் அண்ணன்கள். ஓடிய பெரியவர் அவர்களுடைய சித்தப்பா. செத்தவருக்குத் தம்பி. அவர் என் பனியனைப் பிடித்தார்.

"யார்ரா நீ? ஒனக்கும் எங்க அண்ணனுக்கும் எதுனா பழைய பகையா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன்டா போனவர இழுத்துக்கினு வர்ற?"

"போன் அடிச்சுதுங்க."

"போன் அடிச்சா? அதுக்கு அவரு கூப்பிடறாருன்னு சொல்லுவியா?"

"அப்படித்தாங்க எழுதியிருந்துது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தோடு ஒருவன் விளையாடமாட்டான் என்று நம்பினாரோ என்னவோ, கையை எடுத்துவிட்டார். ஆனால் மூத்தவர் விடவில்லை. கோபி பக்கம் திரும்பினார்.

"அவன வுடுங்க. இவன் எதுக்குத் திரும்பினான்? ஐயரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு இல்ல? அன்னிக்கிக் கூப்பிட்டப்ப எடுக்கல. இன்னிக்கி எடுக்கறானாம்."

கோபி மணலைக் கீறிக்கொண்டிருந்தான்.

அப்புறம் நடு அண்ணன்தான் மெதுவாக, "வுடுண்ணா" என்றார். விவரம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கோபிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை. ராத்திரி ஷிப்டில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் அப்பா, அப்பா, அப்பா என்று திரை நிறைய இருந்திருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள்.

நான் போய் அவன் பின்னால் நின்று 'உங்க அப்பா கூப்பிடறாரு' என்று கத்தியிருக்கிறேன். வேறு என்ன செய்வான்?

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "பஞ்சர்" என்று சொன்ன வாய் அது. மூடிக்கொண்டது.

சித்தப்பா ஐயருக்குப் போன் போட்டார். ஐயர் அடுத்த காரியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் மட்டும் வந்தது.

"திரும்பிட்டானா? யாரு, சின்னவனா? நான் நெனச்சேன். பரவால்ல. மறுபடி ஒரு முழுக்குப் போட்டு, அந்தத் துணிய மறுபடி ஆத்துல விட்டுட்டு, திரும்பிப் பாக்காம போங்கோ. போன யாரும் கையில வெச்சுக்காதீங்கோ."

"சரிங்க சாமி. இப்படியே வுட்டா இன்னா ஆவும்?"

"திரும்பினவன் பின்னாடியே வந்துண்டிருப்பார். அவனுக்குத்தான் நிம்மதி இருக்காது."

கோபி அதைக் கேட்டான். முகம் வெளுத்தது. பயந்தானா, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தானா, என்னால் சொல்ல முடியவில்லை.

"சரி, துணிப் பை எங்க?" என்றார் சித்தப்பா.

எல்லாரும் ஆகாயத்தாமரையைப் பார்த்தோம். பை இல்லை.

"மஞ்சப்பையா?" என்றார் பாஷா பாய். "நல்ல பையா இருக்குதேன்னு துணிய வண்டில கொட்டிட்டு, பைய பாட்டிலுக்கு எடுத்துக்கினேன்பா." தூக்கிக் காட்டினார். பைக்குள் பிராந்தி பாட்டில்கள் கிணுகிணு என்றன.

வண்டிக்குப் போனோம். அதற்குள் மற்ற தொண்டர்களும் மேலே கொட்டிவிட்டார்கள். சுறுசுறுப்பான ஆட்கள். வண்டி நிறைய வேட்டி. எல்லாம் ஈரம். எல்லாம் சேற்று நிறம். எல்லாம் ஒரே மாதிரிக் கரை.

மூத்தவர் ஒன்றை உருவினார். "இதுதான்."

நடு அண்ணன் இன்னொன்றை உருவினார். "இல்லண்ணா, இதுதான். அப்பாவுது கரை சன்னமா இருக்கும்."

"டேய், நான் வாங்கிக் குடுத்த வேட்டிடா."

"நீ எந்தக் காலத்துலண்ணா வாங்கிக் குடுத்த?"

கோபி எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். எல்லாவற்றிலும் ஆற்று நாற்றம்தான் அடித்தது. "தெரியலயே" என்றான். "எனக்கு எங்க அப்பா தெரியலயே."

சுகந்தி மேடம் மைக்கைக் கீழே இறக்கி, மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஷா பாய் பாட்டில்களை ஓசைப்படாமல் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். பையைக் காலி பண்ணி, ஆற்றில் ஒரு அலசு அலசி, கோபியிடம் கொடுத்தார். மன்னிப்பு என்று அவர் எதுவும் சொல்லவில்லை. வாய் ஓயாத மனிதர் வாயை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் சித்தப்பா வண்டியில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த ஒரு வேட்டியையும் துண்டையும் இழுத்தார்.

"எல்லாம் எவனுக்கோ ஒருத்தனுக்கு அப்பாதான். வாங்கடா."

அந்தச் சொல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வண்டியில் கிடந்த குவியலை நான் அதற்கப்புறம் குப்பையாகப் பார்க்க முடியவில்லை. அதில் பீடி வாங்கப் போனவருடையது ஏதாவது இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் பார்த்தேன். அவர் வேட்டி கட்டுவாரா, கைலி கட்டுவாரா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

மறுபடி நாலு பேரும் முங்கினார்கள். மறுபடி மஞ்சப்பை மிதந்தது. சித்தப்பா எங்களை எல்லாம் ஒரு ஓரமாக நிறுத்தினார். போனை என் கையிலேயே கொடுத்தார். "இழுத்து வெச்சது நீதான. நீயே புடி. நாங்க ரோட்டுக்குப் போயி வண்டி ஏறுற வரைக்கும் ஒன் வாயிலருந்து காத்து வரக் கூடாது." பாஷா பாயிடம் சொன்னார்: "பாய், இவனப் பாத்துக்கோ." பாஷா பாய் என் தோளில் கை போட்டார். நண்பன் போடுகிற மாதிரி இல்லை. போலீஸ் போடுகிற மாதிரி.

ஒருவர் பின்னால் ஒருவராகக் கிளம்பினார்கள். கோபி கடைசி. பாதிக் கரை ஏறியிருப்பார்கள்.

போன் அடித்தது.

அப்பா.

அணைக்கலாம் என்றால் என் கையில் ரப்பர் உறை, அதன் மேல் சேறு. திரை என் விரலை மதிக்கவில்லை. கோபியின் கால் நின்றது. முதுகு நின்றது. காது மட்டும் பின்னால் வந்தது மாதிரி இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை வண்டியில் துணிக் குவியலுக்குள் திணித்தேன். அதன் மேல் நானே ஏறிப் படுத்துக்கொண்டேன். அடியில் அத்தனை பேருடைய வேட்டி. அப்போதும் கேட்டது. பாஷா பாய் உடனே இருமினார். இளைப்பு வந்தவர் மாதிரி விடாமல் இருமினார். சுகந்தி மேடம் மைக்கைப் போட்டார்.

"மக்கும் குப்பை! மக்காத குப்பை! இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்!"

அக்கரையில் மாடு நிமிர்ந்தது.

கோபி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறிப் போனான். அவர்கள் ஏறிய வேன் பாலத்தில் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் எழுந்தேன்.

போன் விட்டு விட்டு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"எத்தினி வாட்டிடா கூப்பிடறது?" என்றார் அந்த அம்மா.

"நான் அவரு இல்லீங்கம்மா."

"பின்ன யாரு?"

"குப்ப வண்டிங்க."

அப்புறம் குரல் தணிந்து வந்தது.

"சின்னவன் திரும்பிப் பாத்தானா? மறைக்காம சொல்லு. அவன் பாப்பான்னு எனக்குத் தெரியும்."

முதல் தடவை பேசியதில் பட்டது போதும் என்று இருந்தது. யோசித்துச் சொன்னேன்.

"இல்லம்மா. நேரா போனாரு."

பொய் இல்லை. இரண்டாம் தடவை நேராகத்தான் போனான்.

"அப்ப சரி" என்றார். மூச்சு விட்டது கேட்டது. "ஒன் வண்டில எடம் இருக்குதா? அப்படியே ரெண்டு கட்டு எல வாங்கினு வந்துடு."

துணியை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிவிட்டு, இலைக் கட்டோடு போனேன். போனையும் கொடுத்தேன். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஆற்றில் நடந்ததை வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது என்று வேனிலேயே சித்தப்பா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாராம். சாம்பார் வரும்போது அவரே பக்கத்து இலைக்காரரிடம் லேசாக ஆரம்பித்தார். ரசம் வரும்போது பந்தி முழுக்கத் தெரிந்துவிட்டது. பாயசம் வரும்போது எழுந்து நின்று என்னை மாதிரி நடித்துக் காட்டினார். நான் கத்தியதைவிட அவர் நன்றாகக் கத்தினார். அழுது வீங்கிய கண்ணோடு சனம் சிரித்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கூட்டு நன்றாக இருந்தது.

கை கழுவப் போகும்போது அந்த அம்மா தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தார். வெறும் கழுத்து. வெறும் நெற்றி.

"நீதானா குப்ப வண்டி?"

"ஆமாம்மா."

"சத்தமா கூப்பிட்டியாமே."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்குச் சத்தமாவே கூப்பிட வராது" என்றார். "எதா இருந்தாலும் ரெண்டு வார்த்த. அதுவும் வாய்க்குள்ளயே." சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார். "அவரு கூப்பிட நெனச்சத நீ கூப்பிட்டன்னு வெச்சுக்கறேன். போ."

பொய் சொன்னதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோபி இப்போதும் எப்போதாவது போன் பண்ணுவான். வண்டி வேண்டும் என்பான். சில சமயம் வண்டி வேண்டாம், சும்மாதான் என்பான். அவனும் அதிகம் பேசமாட்டான். இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அம்மாவின் நம்பருக்கு அவன் இன்னும் பெயர் மாற்றவில்லை. அடித்தால் உடனே எடுத்துவிடுகிறான் என்று அவனுடைய சித்தப்பா சொன்னார்.

சுகந்தி மேடத்தின் கூட்டத்தில் என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். கரைக்கு இறங்கும் முன்னால் மைக்கில் விதிமுறை படிப்பார்கள். கண்ணாடித் துண்டைப் பார்த்து எடுக்கவும், தண்ணீர் குடிக்கவும் என்று போய்க் கடைசியில், "போன் கிடைத்தால் ஏழுமலை அண்ணனிடம் கொடுக்கக் கூடாது" என்று முடியும். எல்லாரும் கை தட்டுவார்கள். பாஷா பாய் மட்டும் என் தோளில் கை போட்டுக்கொள்வார். அதே போலீஸ் பிடி.

வீட்டில் இது வேறு மாதிரி ஓடுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அமுதா கேட்டாள், "நாலு பேரோட பழகினியா?" என்று. நடந்ததைச் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. முதலில் சிரித்தாள். அப்புறம் குஞ்சத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மறுபடி சிரித்தாள். இன்றைக்கு வரை சிரித்துக்கொண்டிருக்கிறாள். என் மகள் பேசக் கற்றுக்கொண்ட நாளில் இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். யார் வீட்டுப் போன் அடித்தாலும் அதே மூன்று சொல்லைக் கத்துவாள்.

நான் வேகமாக நடக்கிறவன். கடைத்தெருவுக்குப் போனால் அமுதா பின்னால் நின்றுவிடுவாள். ஏய்யா, ஏய்யா என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். எனக்குக் காதில் விழாது. கடைசியில் நடுத்தெருவில் நின்று குரல் கொடுப்பாள்.

"யோவ்! உங்க அப்பா கூப்பிடறாரு!"

விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன். அந்தப் பீடிக் கடை வரைக்கும் ஒரு பார்வை போய்விட்டு வரும்.

பின்னால் அமுதாதான் நின்றிருப்பாள். கையில் காய்கறிப் பை.

"இத்தப் புடி" என்பாள்.